கடற்பூதத்தின் தம்பி

லண்டனிலிருந்து இரண்டு படம் வாங்கினார்
ஜமால்தீன் முதலாளி,
விலைப்பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து.
ஒன்று, ஆழத்திலிருந்து எழுந்த கொடூரம்.
மற்றது, உலகை விழுங்க வந்த ராட்சதன்.
இரண்டுக்கும் முழுக்காசு.

துறைமுகத்தில் சுங்கப் படிவம் நிரப்பியது நான்.
'பொருளின் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம்.
தகரப் பெட்டியிலோ பெயருக்கு மேல் பெயர்:
அமெரிக்கன் ஒட்டியது, அதன்மேல்
லண்டன்காரன் ஒட்டியது,
இடையில் ஜெர்மனிக்கும் போய்வந்திருக்கிறது,
அங்கே எந்த மிருகம் கரையேறினாலும்
ஒரே விஞ்ஞானியின் பெயரைத்தான் சூட்டுவார்களாம்.
மூலை உரிந்த இடத்தில்
தூரிகையால் எழுதிய மூன்று எழுத்து.
அதைச் சுங்கம் கேட்கவில்லை.

சதாம் வீதி அலுவலகத்தின் பின்னறையில்
விமலதாச ரீலை ஓட்டிக் காட்டினான்.
முதுகில் பாசி படர்ந்த ஒன்று கரையேறி
மின்கம்பிகளைச் சிக்கெடுத்தது.
இரண்டாவது பெட்டியைத் திறந்தோம்.
அதே முதுகு. அதே பாசி. அதே கம்பி.
நடுநடுவே மட்டும்
பைப் புகைக்கும் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரன்
யன்னலால் பார்த்துப் பார்த்துத் திடுக்கிட்டான்.
அந்த யன்னலுக்கு வெளியே ஜப்பான் இல்லை என்பது
எனக்கே தெரிந்தது.

முதலாளி தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டார்.
"மிஸ் கிறிஸ்டபெல், தமிழ்ல ரெண்டு பேரு வைங்க.
வேற வேறயா இருக்கணும்."

கடற்பூதம் என்று உடனே தட்டினேன்.
மற்றதுக்கு மத்தியானம் வரை ஒன்றும் வரவில்லை.
பிளேன்ரீ ஆறி ஆடை கட்டியது.
பிறகு வந்தது:
கடற்பூதத்தின் தம்பி.

ஜிந்துப்பிட்டியில் முதல் வாரம் அண்ணன்,
அடுத்த வாரம் தம்பி.
காசைத் திருப்பிக் கேட்டால் ஓட
பின்கதவில் காரை நிறுத்தி வைத்திருந்தார் முதலாளி.
ஒருவரும் கேட்கவில்லை. கலரி கொதித்தது.
"அண்ணன் செத்த இடத்துக்கே வந்து நிக்கிறான் பார்!"
"முகச்சாடை அப்பிடியே."
"இவனுக்குக் கோபம் கொஞ்சம் கூட."
மீன்கடை அந்தோனிமுத்து மூன்று தரம் பார்த்துவிட்டுத்
தீர்ப்புச் சொன்னார், நடிப்பில் தம்பிதான் என்று.
பத்திரிகைக்காரன் வந்த நேரமெல்லாம்
பாதிச் சனம் எழும்பி மூத்திரத்துக்குப் போனது.

கடைசி வெள்ளி, கப்பலிலிருந்து ஒருவர் வந்தார்.
இயந்திர அறை வேலை, நகத்தில் எண்ணெய்.
நோட்டீசில் முதுகைக் கண்டு வந்தாராம்,
பெயரைக் கண்டு அல்ல.
மிருகம் தண்ணீரைப் பிளந்து எழுந்தபோது
வாய்க்குள் ஒரு சொல் சொன்னார்,
பஸ்ஸில் தெரிந்தவரைக் கண்டதுபோல.

வாசலில் பிடித்துக் கேட்டேன்,
இருவருக்கும் பொதுவான அரைகுறை இங்கிலீசில்.
கடகோ, என்றார்.
பயங்கரம் இல்லையா? எழுந்தது, விழுங்க வந்தது, ஒன்றுமே?
இல்லை. கடகோ. தலைப்பு அவ்வளவுதான்.
அப்படியென்றால்?
தோளைக் குலுக்கினார். அது அதன் பெயர்.

டிக்கெட்டின் பின்னால் எழுதி வாசித்துக் காட்டினேன்.
கடகோ. இல்லை என்று தலையாட்டினார்.
ஒரு மெய் கூட்டினேன். கட்டகோ.
ஐயோ, அதுவும் இல்லை.
ஒற்றை டகரம் மெத்தை, இரட்டை டகரம் சுவர்.
அவர் சொன்னது இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றது,
எங்கள் நெடுங்கணக்கில் வாடகைக்கு அறை கிடைக்காமல்.
மூன்றாம் தரம் நான் சொன்னதும்
சரி என்று குனிந்தார். மரியாதைக்கு.
என்னைக் 'குரிசுதபேரு' என்று கூப்பிட்டார்.
நானும் சரி என்றேன்.

திங்கட்கிழமை கணக்குப் பார்த்தார் முதலாளி.
அண்ணனைவிடத் தம்பி
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபா கூட.
"தங்கச்சி ஒன்னு இருக்குமா மிஸ்?
கெட்டலொக்கைப் பாருங்க."

பார்த்தேன். இருந்தது.
நாற்பத்தோராம் பக்கம், பாசி படர்ந்த அதே முதுகு,
இத்தாலியில் வைத்த பெயரோடு.