அணியத்தில் லெய்ஃப்

பத்தொன்பது கோடைகள் அணியத்தில் நான்,
அமரத்தில் லெய்ஃப்.
தண்ணீரில் எனக்கு அவன் வெறும் சத்தம்:
துடுப்பு மேலெழும்போது சொட்டும் ஐந்தாறு துளி,
ஒரு செருமல்,
எப்போதாவது "இடப்பக்கம்".
முகம் பார்க்கக் கரையேற வேண்டும்.

இந்த ஆகஸ்டில் இடம் மாறினோம்.
அவன் தோளெலும்புக்குள் இரண்டு ஆணிகள்.
தார்ச்சாலை முடியும் துறையில்
மூட்டைகளை ஏற்றிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் முன்னால் போய் உட்கார்ந்தான்.

முதல் மைல் முழுக்கத் தோணி
குடித்தவனைப்போல
இந்தக் கரையில் ஒருமுறை நலம் விசாரித்து
அந்தக் கரைக்குப் போனது.
அவன் திரும்பிப் பார்க்கவில்லை.
திரும்பாமலிருக்க அந்தக் கழுத்து பட்ட பாட்டை
நான் பார்த்தேன்.
வலது காதுக்குப் பின்னே ஒரு மச்சம்.
தெரிந்த மச்சம்தான்,
இத்தனை வெயிலில் பார்த்ததில்லை.

ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே காட்டுப்பாதை.
தோணியைக் கவிழ்த்துத் தலையில் வைத்தால்
உலகம் என் காலடி அளவு:
வேர், சேறு, கடமான் குளம்பில் தேங்கிய நீர்.
முன்னால் நடக்கும் லெய்ஃப்
இடக்கையில் கெட்டிலை ஆட்டிக்கொண்டு
"கல்லு… வழுக்கும்… இங்க குனி" என்கிறான்.
குனிகிறேன்.
வெள்ளி டேப் ஒட்டிய பழைய கிழிசல் வழியே
ஒரு நூல் வெளிச்சம் மூக்கில் விழுகிறது.

அடுத்த ஏரிக்குப் பெயரில்லை.
வரைபடத்தில் ஆழம் மட்டும் எழுதியிருந்தது.
கொசுக்கள் போய்விட்டன.
புளூபெர்ரிப் புதரில்
கரடி விட்டுவைத்த சுருங்கிய பதினொன்று.
ஒரே ஒரு மேப்பிள் கிளை
யாரையும் கேட்காமல் சிவந்திருந்தது.

உணவு மூட்டையைப் பைன் கொம்பில் தூக்கிக் கட்ட
கயிற்று நுனியில் கல் கட்டி
இடக்கையால் எறிந்தான். நான்கு தப்பின.
ஐந்தாவது திரும்பி வந்து கெட்டில் மூடியை அடித்தது.
சிரித்தோம்.
ஆறாவதை என்னிடம் நீட்டினான்.
முதல் வீச்சிலேயே விழுந்தது.
தப்பியிருக்கலாம்.

இரவு. தீயில் ஈரக் கட்டை சீறுகிறது.
லூன் பறவை ஒன்று கேட்க,
வெகுநேரம் கழித்து
வேறோர் ஏரியிலிருந்து பதில்.
கூடாரத்துக்குள் அவன் குரல்,
வழக்கம்போல முகமில்லாமல்:
"இத்தன வருஷமா முன்னால உக்காந்து
என்ன பாத்துட்டிருந்த?"
"பாறை."
"பாறை இல்லாதப்ப?"
தூங்கிவிட்டதுபோல மூச்சு விட்டேன்.

காலையில் மூடுபனி.
துடுப்பு நுனிகூடத் தெரியவில்லை.
அவன் தொப்பி மட்டும் முன்னே மிதந்தது.
நேராகவே செலுத்தினேன்,
நேர் என்று நான் நினைத்த திசையில்.

பனி முதலில் அவனுக்குத்தான் திறந்திருக்க வேண்டும்.
துடுப்பு நின்றது.
சொட்டும் சத்தம் நின்றது.

பிறகு அடியில் நீளமாக ஒரு கீறல்.
பாறையில் எங்கள் பச்சைப் பெயிண்ட், ஒரு சாண்.

"பாத்துட்டுத்தான் இருந்தேன்" என்றான்.

பாறையை இல்லை என்று
கழுத்திலேயே தெரிந்தது.
தள்ளிவிட்டுக் கிளம்பினோம்.