கடைசிப் பெயர்

பகாவ் அஞ்சலகத்துக்கு எதிரே
என் போட்டோஸ்டேட் கடை.
பாரம் நிரப்பித் தர இரண்டு வெள்ளி,
படமும் ஒட்டித் தந்தால் மூன்று.

குடும்பப் பெயர் என்ற கட்டம் வந்தால்
தவுக்கே லிம்முக்கு மூன்றெழுத்து, முடிந்தது.
நம் ஆட்கள்தான் பேனாவைக் கடிப்பார்கள்.
அப்பா பேரா? சாமி பேரா? ஊரா?
ஒருவர் சாதியை மெல்லச் சொல்லிவிட்டு
"போட வேணாம், சும்மா சொன்னேன்" என்பார்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்?
அப்பன் பெயர் மகனோடு கொஞ்ச தூரம் வரும்.
பேரன் ஏறியதும் இறங்கிக்கொள்ளும்,
டிக்கெட் முடிந்தவர் போல.

நடுவில் ஒரு சாய்கோடு. ஏ கோடு எல்.
பால்மரத்து வெட்டின் அதே சாய்வு என்று
வெகுகாலம் நினைத்திருந்தேன்.
இல்லை. வெட்டு இடமிருந்து வலமாய் இறங்கும், பால் வழிய.
இது ஏறுகிறது.
எதுவும் வழிவதில்லை.

நான் துளசிதரன் ஏ/எல் மண்ணாங்கட்டி.
பெயர் கூப்பிடும் வாத்தியார்
அந்தக் கோட்டில் சற்று நிற்பார்,
வகுப்பு சிரிக்கத் தயாராகட்டும் என்று.
தம்பி ஞானவேல் அந்தச் சிரிப்பிலிருந்து ஓடியவன்
பெர்த்தில் போய்த்தான் நின்றான்.
அங்கே ஏதோ ஒரு கணினி
கடைசியில் இருந்ததைக் குடும்பப் பெயர் என்றது.
மனைவி, இரண்டு பிள்ளைகள், தபால்பெட்டி,
நாய்க்கு ஊசி போட்ட சீட்டு,
எல்லாம் மண்ணாங்கட்டி.
இறங்க வேண்டிய இடத்தில்
எங்கப்பா இறங்கவில்லை.

நேற்று அவன் மகள் இழையினி அனுப்பியிருந்தாள்:
பள்ளியில் கேட்கிறார்கள், பெரியப்பா.
நம் பெயர் எங்கிருந்து வந்தது? என்ன பொருள்?
எத்தனை பேருக்கு இருக்கிறது?
மன்னாவாக இருக்கலாம் என்கிறார் டீச்சர்,
வானத்திலிருந்து விழுந்த அப்பம்.

வானத்திலிருந்து இல்லை, இழையினி.
நாலாங்கட்டைத் தோட்டம், இரண்டாம் டிவிசன், கடைசி லயம்.
முதல் பிள்ளைக்கு ராஜமாணிக்கம் என்று வைத்தார்கள்.
ஒன்பது நாள்.
அடுத்தவன் தங்கராசு.
காய்ச்சல். டிரஸ்ஸர் வந்தது மறுநாள்.
மூன்றாவது உன் தாத்தா.
பொன், மணி என்றால்தானே தூக்கிப் போகிறான்,
குனிந்து எடுக்க எவனுக்கும் மனசு வராததாய் வை
என்றாளாம் பெற்றவள்.
கிராணி இரண்டு தரம் கேட்டார், நிஜமாவா என்று.
"எழுதுங்க ஐயா. சத்தமாச் சொல்லாதீங்க."

இது எனக்கே தெரிந்தது
அப்பாவின் பதினாறாம் நாள்,
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த யாரோ சொல்லி.

எத்தனை பேருக்கு?
உங்கள் ஊரில் நான்கு. நீயே எண்ணியிருப்பாய்.
இங்கே, சேமநிதி வழக்குக்கு நகலெடுக்க வந்த
பழைய செக்ரோலில் பார்த்தேன்:
ஒரே டிவிசனில் ஐந்து மண்ணாங்கட்டி,
நான்கு குப்பன், மூன்று பிச்சை, ஒரு குப்பாயி.
பரவலான பெயர்தான்.
ஒவ்வொன்றுக்கும் முன்னால்
எந்தச் செக்ரோலிலும் ஏறாத
இரண்டோ மூன்றோ ராஜமாணிக்கங்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இதை எப்படித் தட்டுவது?
'பொருள்: கையளவு மண்.
ஈரம் பட்டால் முளைக்கும்' என்று எழுதினேன்.
அழகாக இருந்தது. அழித்தேன்.

கடைசியில் அனுப்பியது இவ்வளவுதான்:
ண் சொல்லும்போது நாக்கை மேலே மடி.
டீச்சரையும் மடிக்கச் சொல்.
மீதியை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன்,
உன் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வை.
அவனுக்கும் யாரும் சொன்னதில்லை.