பின்னால் நின்றவன்

கொதிகலன் நின்றுபோன ஜனவரியில்
சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிடம் பிந்தி
வந்து சேர்ந்தார் குழாய் வேலைக்காரர்.
அறுபதைத் தாண்டியிருக்கும். பருத்த கழுத்து.
மூக்கு இரண்டு இடங்களில் திசை மாறியிருந்தது.
பெயரை நான் கேட்கவில்லை.
தேநீருக்குச் சர்க்கரை எத்தனை என்றுதான் கேட்டேன்.

கிரிம்ஸ்பியில் என் சமையலறை
ஒருவர் நின்றால் நிறைந்துவிடும்.
அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே
என்னைக் கடந்துபோக
இடுப்பில் லேசாக ஒரு கை வைத்தார்.

அவ்வளவுதான்.
கோப்பை தளும்பித் தரை நனைந்தது.
முப்பத்தொரு வருடம் கழித்தும்
என் எலும்பு அந்தக் கையை ஞாபகம் வைத்திருந்தது.
முதலில் கட்டைவிரல், பிறகு உள்ளங்கை,
பிறகு, நடுவர் வேறெங்கோ பார்க்கும் நொடியில்
ஒரு தள்ளு.

"ஹெஸ்கெத்" என்றேன்.
"ஆமா" என்றார், கருவிப்பெட்டியைத் திறந்தபடி.
"உன் பின்மண்டையப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.
முடிதான் இல்ல."

பதினான்கு ஆட்டம் அவரோடு ஆடியிருக்கிறேன்.
முகம் தெரியாது.
கோல் போடப் போகிறவன்
பின்னால் நிற்பவனை எங்கே பார்த்தான்?
தெரிந்ததெல்லாம் காதோரம் ஒரு மூச்சு,
தைல வாடை, இடைவேளையில் கடித்த ஆரஞ்சின் புளிப்பு,
"இன்னைக்கு உனக்கு ஒண்ணும் கிடையாது கண்ணு" என்கிற
லங்காஷயர் முணுமுணுப்பு.
மூன்று வருடத்தில் என்னை விட்டுப்போனவள்கூட
அவ்வளவு நெருங்கி நின்றதில்லை.

மண்டியிட்டார்.
சரளையில் வண்டி ஏறியதுபோல் முழங்கால்கள் சத்தமிட்டன.
நான் டார்ச் பிடித்தேன்.
அலமாரிக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.
ஆலை மூடிய வருடம், பதினேழு வயதில் ஒப்பந்தம்;
அப்பாவுக்கு வேலை போன அதே வெள்ளிக்கிழமை
இவருக்கு முதல் சம்பளம்.
நான்காம் பிரிவு, மூன்றாம் பிரிவு, திரும்பவும் நான்காம்.
ஐந்நூற்றுப் பதினொரு ஆட்டம்.
ஏழு கோல், ஏழும் மூலை உதையில், ஏழும் தலையால்.
ஒருமுறை பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்து பார்த்தானாம்.
அன்று பனிமூட்டம்.
பந்தே தெரியவில்லை, இவரா தெரிவார்.

"அந்தச் சாவிய எடு. அது இல்ல, சின்னது."

என் பெயர் பேப்பரில் நூறுமுறை வந்தது.
நூறு கோல், கடலோர ஊரில் அது பெரிய எண்ணிக்கை.
ஒரு மதுக்கடைச் சுவரில் இன்னும் என் படம் தொங்குகிறது.
ஹெஸ்கெத் என்னை நிறுத்திய சனிக்கிழமைகளுக்கு
பூஜ்யம், பூஜ்யம் என்று ஒரு வரி.
நான் போடாத கோல்கள்
என் கணக்கிலும் இல்லை, அவர் கணக்கிலும் இல்லை.
எங்கேதான் போயின அவை?

டார்ச் வெளிச்சம் நடுங்கியது. சொல்லிவிட்டேன்.
"அந்த நூறாவது.
எண்பத்தெட்டு, மார்ச், மழை.
என் கால்ல படல.
உங்க முழங்கால்ல பட்டுத்தான் உள்ள போச்சு."

சாவி திருகும் சத்தம் நின்றது.
"இந்த முழங்கால்" என்றார்.
இடதைத் தட்டிக் காட்டியிருப்பார், நான் பார்க்கவில்லை.
"நீ கையத் தூக்கிட்டு ஓடுன.
ஓடட்டும்னு விட்டுட்டேன்.
சுயகோல்னு என் பேர எழுதறதுக்கு
உன் பேரே இருந்துட்டுப் போகட்டுமே."

குபுக்கென்று நீலச் சுடர் பிடித்தது.
குழாய்களுக்குள் எங்கோ தண்ணீர் புரளத் தொடங்கியது.

எழுந்திருக்கக் கை கொடுத்தேன்; பிடிக்கவில்லை.
அடுப்பு விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்தார்.
ரசீது எழுதினார்: எண்பத்தைந்து பவுண்டு.
பழைய பழக்கத்துக்கு எதாவது குறைப்பார் என்று
கொஞ்சம் நின்று பார்த்தேன்.

ஒரு பென்னி விடவில்லை.
வாசலுக்குப் போக நான் வழிமறித்து நின்றேனோ என்னவோ,
திரும்பவும் இடுப்பில் அந்தக் கை.