மஞ்சள் என்றொரு புகார்

"கேட்டது ஊதா. வந்தது மஞ்சள்."
இரண்டே வரி.
போலந்திலிருந்து பீப்பாய் திரும்பிவிட்டது,
மூடியில் புது ஒட்டுநாடா.

சில்லமாயே, ஜனவரி, காலை ஏழு.
கடல் இன்னும் வெறும் சத்தம்தான்.
குழல் விளக்கின் கீழ் ஒரு கரண்டி அள்ளித்
தட்டில் கொட்டுகிறேன்:
நியோடிமியம் குளோரைடு.
மஞ்சள்தான்.
காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி.

விற்பனைப் பிரிவு உர்மாஸ்
மன்னிப்புக் கடிதத்தை அச்செடுத்தே வந்திருக்கிறான்.
"ரிம்மா, கலப்படம்தானே?"
"சூரியன் வரட்டும்."
"அது ஒன்பதுக்கு மேல்தான் வரும்."
"வரட்டுமே."

காத்திருக்கையில் பீப்பாயை நிறுத்தேன்.
நாம் அனுப்பியதைவிட
நானூறு கிராம் கூடுதல்.
திறந்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்;
இந்த உப்புக்கோ தீராத தாகம்,
போலந்தின் மழைக்காற்றைக் குடித்து
வந்திருக்கிறது.
சோற்றில் போட முடியாது,
உப்புப் பெறாதது என்றும் சொல்லிவிட முடியாது:
இதன் கூடப்பிறந்தவை
காற்றாலையின் காந்தத்தில் இருக்கின்றன,
உர்மாஸ் காதில் செருகியிருக்கும் பாட்டிலும்.
இந்தப் பீப்பாய் போகவேண்டியது ரப்பர் ஆலைக்கு.
அங்கே வினையூக்கியாகி,
ஒரு துளி மிச்சமாய்
யாருடைய டயரிலோ தார்ச்சாலை தேய்க்கும்.

என் தம்பி கெனாதி கண்ணாடி ஊதுகிறவன்.
அவன் மூக்குக்கண்ணாடியிலும் இதே உலோகம்.
அதை மாட்டினால்
சுடரின் மஞ்சள் மட்டும் மறைந்துபோகும்,
உள்ளே இளகும் குழாய் தெரியும்.
மஞ்சளைத் தின்பதே இதன் பிழைப்பு.
அதன் மேல்தான்
மஞ்சள் என்று புகார்.

ஒன்பது பத்து.
விளக்கை அணைத்தேன்.
பனிமூட்டத்தின் கிழிசலில் கொஞ்சம் வெயில்,
சன்னல் விளிம்பில் தட்டு.
ஊதா.
கத்தரிப்பூவின் வெளிர் ஊதா.

உர்மாஸ் பேசவில்லை.
தட்டை எடுத்துக்கொண்டு
நடைவழியின் குழல் விளக்குக்குப் போனான்.
வந்தான்.
மறுபடி போனான்.
நாலாம் முறை
கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

நாற்பது வருடத்துக்கும் மேல்
எந்த வரைபடத்திலும் இல்லாதிருந்த ஊர் எங்களுடையது.
இருப்பது தெரிவதும் தெரியாததும்
பார்க்கும் வெளிச்சத்தைப் பொறுத்தது என்பதில்
எனக்கொன்றும் அதிசயமில்லை.

பதில் ஒற்றை வரியில் எழுதினோம்:
"பகல் வெளிச்சத்தில், சன்னலருகே பார்க்கவும்."

மறுநாள் மின்னஞ்சல்:
"எங்கள் கிடங்கில் சன்னல் இல்லை.
தவிர, அந்த நானூறு கிராமுக்கும்
விலை போட்டிருக்கிறீர்களா?"