நானூற்றுப் பதினொன்று, நானூற்றுப் பன்னிரண்டு

பிறையில் இரவு ஷிப்ட் முடிய
ஏழு ஆகிவிடும்.
பன்னிரண்டு மணி நேரம்
உருப்பெருக்கிக்கு அடியில்
நகக்கண் அளவுச் சில்லுகளில்
கீறல் தேடிய கண்கள்.
வெளியே வந்தால்
வெயிலிலும் கீறல் தெரியும்.

கப்சாய்க் கூடையில்
துண்டில் சுற்றிய கேமரா.
தவணை இன்னும் ஒன்பது மாதம்.
"இன்னிக்கும் குருவியா லா?"
வேனில் ஏறிக்கொண்டே கேட்டாள் புஷ்பலீலா.

பினாகாவுக்குக் கொஞ்சம் முன்னால்
மணல் அள்ளிய பள்ளம்.
லாரிகள் விட்டுவைத்த மண்சுவர் முழுக்கத் துளைகள்,
துளைக்கொரு பஞ்சுருட்டான் குடும்பம்.
லாலாங் புல்லில் குப்புறப் படுத்தேன்.
சட்டைக்குள் எறும்பு.
அசையக் கூடாது.

வேலிக் கம்பியில் அவள்.
இரண்டு முழம் தள்ளி அவன்.
எது அவன், எது அவள்,
பார்த்தால் தெரியாது, இரண்டும் ஒரே பச்சை.
தும்பியோடு வந்து நிற்பது அவன்
என்று நானாக வைத்துக்கொண்டேன்.

கம்பியில் அடித்தான்,
இடம் ஒன்று, வலம் ஒன்று,
துணி துவைப்பதுபோல.
பிறகு நெஞ்சை நிமிர்த்தி
வால் நடுங்க
ஒரு சாண் நகர்ந்தான்.
அவள் கடல் பக்கம் பார்த்தாள்.
இன்னொரு சாண்.
அவள் சிறகு கோதத் தொடங்கினாள்,
நிதானமாக, ஒவ்வோர் இறகாக,
சாயங்காலம் வரை வேலை இருப்பவள்போல.
முதல் தும்பியை
அவனே தின்றான்.

சிரித்துவிட்டேன். புல் அசைந்தது.
நல்லவேளை, இருவருக்கும் என்மீது அக்கறை இல்லை.

இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது தும்பி சிவப்பு.
விரலைப் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை,
நொடிக்குப் பத்துப் படம்.
நடுவில் கேமரா திணறி நின்றது,
இமை மூடித் திறக்கும் நேரம்.
மறுபடி ஓடியது.

திரையில் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்.
நானூற்றுப் பதினொன்றில்
அவன் அலகில் தும்பி,
அவள் அலகு பாதி திறந்து.
நானூற்றுப் பன்னிரண்டில்
அவன் அலகு காலி.
அவள் வாயோரம்
கண்ணாடிச் சிறகொன்று நீட்டிக்கொண்டிருக்கிறது.

கொடுத்தது எந்தப் படத்திலும் இல்லை.
வாங்கியதும்.

பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்,
பழக்க தோஷம், குறை எங்கே என்று.
சிவந்த கண்.
அதற்குள் கடுகளவு சூரியன்.
கழித்துப் போட ஒன்றும் கிடைக்கவில்லை.

முதல் லாரி வந்தது.
ரொஸ்லான் கண்ணாடியை இறக்கி
"டாப்பாட்?" என்றான்.
தலையை
எந்தப் பக்கம் ஆட்டினேனோ.
முழங்கையில் எறும்புக்கடி
ஐம்பது காசு அகலத்துக்குத் தடித்திருந்தது.