நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை

கோல்ஸ்பர்க். இரவு இரண்டு மணி.
எல்லாக் குழாயும் மூடியிருக்க
படுக்கைக்குக் கீழே பம்ப்
டுர்ர்ர் என்று உறுமி நின்றது.
கைப்பேசியில் மணி பார்த்தேன்.
நான்கு நிமிடம். மறுபடி டுர்ர்ர்.

யாரும் கேட்காமல் அது ஓடுகிறதென்றால்
அழுத்தம் எங்கோ இறங்குகிறது.
எனக்குத் தெரியும்.
ஃபீனிக்ஸில், வாஷிங் மெஷின் கடையில்,
பட்டறைச் சுவரை ஒட்டித்தான் பதினெட்டு வருடம் என் கணக்கு மேசை.

பூபாலனும் தூங்கவில்லை.
மூச்சு சொல்கிறது.
ப்ளூம்ஃபொன்டெய்னில் டீசலுக்கு அட்டையை நீட்டியபோதுதான்
அதில் பணமில்லை என்று தெரிந்தது:
அறுபதாயிரம் ராண்ட்,
தம்பி கடனுக்கு, ஜனவரியிலேயே.
அங்கிருந்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்
ரேடியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

விடிந்தால் புல்லெல்லாம் உறைபனி.
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைக் கிழித்து
மூட்டுக்கு மூட்டு ஒரு துண்டு வைத்தேன்,
சிங்க் அடியில், ஷவர் பின்னால்,
கீசர் பக்கம் கை நுழையாத சந்தில்
குறடால் தள்ளி.
தேநீர் குடித்துவிட்டு வந்து தொட்டால்
அத்தனையும் மொறுமொறுவென்று காய்ந்திருக்கிறது.
விற்பனைக்கு வந்த வீடுகளின் விலையில்
ஒரு சைபர்கூடக் கலையவில்லை.

பக்கத்து வண்டி ஃபூரி,
அந்தக் குளிரிலும் அரைக்கால் சட்டை,
எட்டிப் பார்த்து,
"செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்றார்.
எந்தப் பணத்தில் என்று நான் கேட்கவில்லை.
பூபாலன் தன் காலணியைப் பார்த்தார்.

வெளியே கசியவில்லை என்றால் உள்ளே.
ஏறிய தண்ணீர் பம்ப் வழியாகவே
தொட்டிக்குத் திரும்பிப் போகிறது.
ஒரு சொட்டு குறையாது,
ஒரு துணி நனையாது.

உறுதிசெய்ய இரண்டு பேர் வேண்டும்.
பம்ப் இந்தக் கோடி, குழாய் அந்தக் கோடி.
"திற" என்றேன்.
'ங்க' போடவில்லை.
திறந்தார்.
"மூடு."
"மூடியாச்சு."

பம்பைத் தாண்டி இருக்கும் வால்வை அடைத்தேன்.
முழந்தாளிட்டுக் காத்திருந்தோம்,
ஆளுக்கொரு பக்கம்.
இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை,
டுர்ர்ர்.
அப்போ பம்பேதான்.

ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு
தலைப்பகுதியின் திருகுகளைக் கழற்றினேன்.
அவர் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.
உள்ளே ரப்பர் வால்வின் உதட்டில்
ஒரு மணல்,
கடுகில் பாதி.
அந்த உதடு மூட முடியாமல்
இரவெல்லாம் அதைக் கவ்விக்கொண்டிருந்திருக்கிறது.

மணலைத் தடுக்கத்தானே வடிகட்டி?
அதன் கிண்ணத்தைத் திருகினேன்.
காலி. வலை இல்லை.

ஹாரிஸ்மித்தில் அதைக் கழுவியது நான்.
காயட்டும் என்று
பாத்திரக்கூடையில் வைத்ததும் நான்.
போய்ப் பார்த்தால்
டீஸ்பூன்களுக்கு நடுவே
தானும் ஒரு டீஸ்பூன் போல நின்றுகொண்டிருக்கிறது.

அவர் பார்த்துவிட்டார்.
பார்த்ததை நானும் பார்த்தேன்.
நானாயிருந்தால் சொல்லிக்காட்டியிருப்பேன்,
ஊர், தேதி, கிழமையோடு.
அவர் திருகுகளை ஒவ்வொன்றாக நீட்டினார்.
உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தன.
வலையை நான் மாட்டினேன்.
நகத்தில் ஒட்டிய மணலை
எங்கே போடுவதென்று தெரியாமல்
பேன்ட்டில் துடைத்தேன்.

அறுபதாயிரம் திரும்பி வந்துவிடவில்லை.
கேப் டவுன் வரை டீசல் என் அட்டையில்.
வுஸ்டருக்கு முன்னால் எங்காவது நிறுத்தி
அதைப் பேசியே ஆகவேண்டும்,
என் குரல் உயரும், அவர் இறங்கி
டயரைத் தட்டிப் பார்ப்பார்.

அன்றிரவு பம்ப் பேசவில்லை.
நான்கு நிமிடம். எட்டு. இருபதுக்குமேல் எண்ணவில்லை.

மூன்று மணிக்கு டுர்ர்ர்.
எனக்கு உடம்பு விறைத்தது.
பிறகு, தம்ளர் நிறையும் சத்தம்.
இருட்டில் ஒரு தொண்டை, மடக் மடக்கென்று.

"எனக்கும் கொஞ்சம் குடுங்க" என்றேன்.

டுர்ர்ர்.