முப்பத்திரண்டாம் பலகை

திராவா நதியில் கிலோமீட்டர் பலகைகள்
அது டான்யூபில் விழும் இடத்திலிருந்து எண்ணுகின்றன.
ஓட்டத்தோடு போகிறவளுக்கு
எண் குறைந்துகொண்டே வரும்,
கடன் அடைவது போல.

ஏழு மணிக்கு முப்பத்திரண்டில் இறங்கினேன்.
ஏழே முக்காலுக்கு இருபத்து மூன்று.
எட்டுக்கு இருபது.
மணிக்குப் பன்னிரண்டு!
என் தோளுக்கே நம்பிக்கை வரவில்லை.
அசையாத ஏரியில் எட்டைத் தாண்டியதில்லை நான்.
மிச்சம் நாலு யாருடையது?

அந்த நாலையும் சேர்த்துத்தான்
மில் எடைமேடையில் கிரேஷோ
கைக்கடிகாரத்தை எல்லோருக்கும் நீட்டுகிறான்.
"சராசரி பன்னிரண்டு, யாசென்கா."
அவனுக்கு இருபதாம் பலகையருகே
மனைவி காரோடு காத்திருப்பாள்.
கூரையில் கயாக், கையில் காபி.
ஆறு அவனிடம்
பாதிக் கணக்குதான் பேசியிருக்கிறது.

எனக்குக் கார் இல்லை.
இருந்ததை ஓட்டியவன்
அதிலேயே போய்விட்டான்.

படகைத் திருப்பினேன்.

எட்டில் நாலு போக நாலு.
கரைமேல் தூண்டிலும் வாளியுமாக ஒருவர்
என்னோடு கூடவே நடந்தார்.
கொஞ்ச நேரம் கழித்து
"எங்கே இவ்வளவு அவசரம்?" என்றார்.
கேலி செய்யவில்லை.

தண்ணீர் குடிக்கத் துடுப்பை மடியில் வைத்தேன்.
பக்கத்தில் நின்ற பாப்லர் மரம்
மெல்ல என்னை முந்திப் போனது.
அரை நிமிடம், முப்பது மீட்டர்.
மூன்று மிடறுக்கு இந்த விலை
எந்த ஊரிலும் கிடையாது.

நடு ஆற்றோடு மல்லுக்கட்டுவதை விட்டேன்.
வளைவின் உட்புறம் மணலை உரசி,
வில்லோ கிளைகள் முகத்தில் அடிக்க
ஊர்ந்தேன்.
கரையிலிருந்து நீட்டிய கல்தடுப்புகளின் மறைவில்
தண்ணீர் ஞாபகப் பிசகாய் மேல்நோக்கி ஓடுகிறது.
ஒரு படகு நீளம், இரண்டு படகு நீளம்,
சும்மா.
கல்முனையைத் தாண்டியதும்
ஓட்டம் படகின் மூக்கைப் பிடித்துத் திருகி
கொடுத்ததை எண்ணி வாங்கிக்கொள்ளும்.

நாலு கொடுத்தது, நாலே எடுத்தது,
நியாயம்தானே என்று தோன்றும்.
கொடுத்தது ஒரு மணி நேரம்.
எடுத்தது மூன்று மணி நேரம்.
போக வர இருபத்து நாலை நாலால் வகுத்தால்
ஆறு.
வேறென்ன வரும்?

முப்பத்திரண்டாம் பலகையைத் தொட்டபோது
பதினொன்று ஏழு.
உள்ளங்கையில் புதிதாக இரண்டு கொப்புளம்.
திங்கட்கிழமை கிரேஷோ சராசரி கேட்பான்,
ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஏழு நிமிடம்தான்.
ஈரப் படகைப் புல்லில் கவிழ்த்துவிட்டு
யோசிக்கிறேன்:
அந்தப் பாப்லர் இந்நேரம்
எங்கே போயிருக்கும்?